முகப்பு விளக்கைத் தேய்த்த ஞாயிறு

முதலில் வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

டீ வடிகட்டியைக் கழுவும்போது கடைசியாக ஒரு நிறம் வருமே, அந்த மஞ்சள். காரின் முகப்பு விளக்கிலிருந்து வழிந்து, எண் பலகையின் ஓரத்தில் தயங்கி, சொட்டுச் சொட்டாக வாசல் மண்ணில் ஊறியது. நான் முக்காலியில் உட்கார்ந்து வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறியிருந்தாலும் தண்ணீர் விரல்களைக் கடித்தது.

மண் தடத்துக்கு அந்தப் பக்கம் அண்ணி ராகி தூற்ற முறத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலடியில் படுத்திருந்த நாயைக் கூப்பிட்டார்.

"ஏன்டா மணி, உனக்கு ரெண்டு வேளை சோறு போட்டாலாவது உடம்புல ஒட்டும். இரும்பக் குளிப்பாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அது எந்திரிச்சு வாலாட்டுமா?"

மணி வாலை ஆட்டியது. நான் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் சிரிப்பு வந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாயிடம் சொல்வது

சென்ற வாரம் கல்லூரி ஆய்வகத்தைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு நான் தனியாள் என்பது தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. தர்மபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளன். இண்டூருக்குப் பக்கத்தில், அப்பா விட்டுப்போன இடத்தில் வீடு. கல்யாணம் கூடிவரவில்லை. என் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு தடம். கார் போகிற அகலத்துக்கு மண் பாதை.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ஒன்பது பத்து வருஷம் இருக்கும்.

அண்ணி பேசுவார். என்னிடம் அல்ல, நாயிடம். நாய் இல்லாவிட்டால் கன்றுக்குட்டியிடம். எனக்குத் தெரியவேண்டியதை எல்லாம் அவை இரண்டும்தான் முதலில் கேட்டுக்கொள்ளும். 'தண்ணி லாரி நாளைக்கு வராதாம் மணி' என்றால் நான் அன்றைக்கே தொட்டியை நிரப்பிவிடுவேன். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து கதவைத் திறக்காமல் கிடந்தபோது, கன்றுக்குட்டியிடம் நிலவேம்பு காய்ச்சும் முறையை அவர் உரக்க விளக்கியது சன்னல் வழியாகக் கேட்டது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சுண்டவேண்டும் என்பது உட்பட.

அண்ணன் அதுகூடச் செய்ததில்லை. நாயிடம் பேசுவார், அதில் எனக்கு எதுவும் இருக்காது.

அவருக்குக் காது மந்தம். இளம் வயதில் கல் உடைக்கும் கிரஷரில் பல வருஷம் நின்றவர். அதனால் அண்ணி வீட்டுக்குள் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்லவேண்டும். அவர்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, யாருக்கு மொய் வைக்கவேண்டும், எந்த மாடு சினை பிடித்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அன்றன்றைக்குத் தெரிந்துவிடும். அத்தனை சத்தத்திலும் என் பெயர் மட்டும் வந்ததில்லை. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய குறிப்பை எழுதும்போது, எழுதுவதை நிறுத்திவிட்டு அதற்காகக் காது கொடுத்திருக்கிறேன்.

புளியும் தேங்காய் நாரும்

காரை சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வாங்கினேன். வெள்ளைச் சின்ன கார். அவர் பற்களைப் போலவே வண்டியையும் வைத்திருந்தார். விளக்குகள் இரண்டும் அன்றைக்குத் தண்ணீர் மாதிரித் தெளிவு.

அப்போது எங்களுக்குள் எல்லாம் சரியாக இருந்தது. தடம் அப்போது ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதை. கார் உள்ளே வராது. கோயில் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வருவேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் கல்லூரி போய்த் திரும்புவதற்குள், அண்ணி பூஜைச் சாமான்களோடு கோயிலடிக்கே போய்விட்டார். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, மணி, தட்டு எல்லாவற்றையும் அங்கே குழாயடியில் போட்டுப் புளியும் சாம்பலும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார். அந்தக் கையோடு காரின் முகப்பு விளக்குகளையும்.

நான் போய்ப் பார்த்தபோது விளக்கில் புளிச்சக்கை ஒட்டியிருந்தது. அண்ணி நெற்றி வேர்வையைத் துடைத்தபடி நின்றார்.

"பாத்தீங்களா தம்பி? எல்லா வெளக்கும் ஒரே கையில பளபளன்னு ஆயிருச்சு."

ஆய்வகத்தில் கண்ணாடி எது, பிளாஸ்டிக் எது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் நான். அந்த விளக்கு மூடி கண்ணாடி அல்ல, அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், நாரால் தேய்த்தால் அது போய்விடும் என்பதெல்லாம் தொண்டை வரை வந்தது. விளக்கைப் பார்த்தேன். வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். அண்ணி அதன் மேல் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். நன்றாகத்தான் இருக்கிறது அண்ணி என்றேன்.

பூச்சு போன இடத்தில் வெயில் வேலை செய்தது. ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறியது.

தடம்

அதற்கு அடுத்த வருஷம் தடத்துப் பேச்சு வந்தது.

கார் உள்ளே வரவேண்டுமானால் அண்ணன் பக்கத்து நிலத்தில் ஒரு பட்டை போகவேண்டும். அந்த ஓரத்தில் அவர் தென்னம்பிள்ளைகள் வரிசையாக வைத்திருந்தார். அப்பா பாகம் பிரித்தபோது தடத்தின் அகலத்தைச் சொல்லாமல் விட்டிருந்தார். நான் கேட்டேன். அண்ணன் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது ஒரு வருஷம் ஆனது. நான் சொந்தக்காரர்கள் நாலு பேரை உட்காரவைத்தேன். அவர்கள் அளந்தார்கள், சொன்னார்கள். யார் பக்கம் நியாயம் என்று எழுத எனக்கு இப்போது ஆசையில்லை. இருவர் பக்கமும் கொஞ்சம் இருந்தது.

அன்று சாயங்காலமே அண்ணன் கடப்பாரையை எடுத்துவந்து தென்னம்பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். வேரோடு மண் உதிராமல் எடுத்து, தன் கிணற்றடியில் கொண்டுபோய் நட்டார். குழிகளை அவரே மூடினார். மூடிய இடத்தைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு வீட்டுக்குள் போனார். அதிலிருந்துதான் அந்த மௌனம்.

அதற்குப் பிறகு தடம் எனக்கும் பொது, அவருக்கும் பொது. விடுமுறை நாட்களில் பார்ப்பேன்: அண்ணன் வைக்கோல் உதறுவது, கன்றுக்குட்டி கட்டுவது, தார்ப்பாய் விரித்து அவரையும் துவரையும் காயப்போடுவது எல்லாம் தடத்தில்தான். வேலை நாட்களில் நான் காலையில் போகும்போது காலியாக இருக்கும். சாயங்காலம் வரும்போதும் காலியாக இருக்கும். பொழுது சாய்ந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மெழுகுவத்தி

விளக்கைச் சரிசெய்யவேண்டும் என்று முதலில் சொன்னவர் இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் அம்மையார். கல்லூரி வாசலில் ஒரு மாலை என் வண்டி எதிரே வந்ததைப் பார்த்திருக்கிறார்.

"சார், யாரோ மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு நடந்து வர்றாங்கன்னு நெனச்சேன். நீங்க காரு ஓட்டிக்கிட்டு வர்றீங்க."

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்த மாதமே இண்டூர் சாலையில் புல்லுக்கட்டு வைத்துச் சைக்கிளில் போன ஒருவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக் போட்டு வண்டி நின்றபோது அவருடைய புல் என் முகப்பில் உரசிக்கொண்டிருந்தது. அவர் இறங்கித் திட்டவில்லை. திரும்பி என் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

மறுநாள் கண் மருத்துவரிடம் போனேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம். இரண்டு காரணம் இருந்தால் ஒன்றை முதலில் நீக்கிவிடவேண்டும். கண்ணில் குறையில்லை, கண்ணாடியும் சரி என்றார். மிச்சம் இருந்தது விளக்கு.

மெக்கானிக், இந்த மாடலே இப்போது வருவதில்லை, கிடைக்கிற விளக்கை மாட்டினால் மழையில் உள்ளே தண்ணீர் இறங்கும் என்றார். பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு வாரம் பளபளப்பாக இருந்தது. பிறகு பழையபடி ஆனது. மேலே இருக்கிற செத்த படலத்தை முழுவதும் எடுக்காமல் மினுக்குவதில் பயனில்லை என்று புரிந்தது. பெயின்ட் கடையில் மூன்று தரத்து வாட்டர் பேப்பர், பாலிஷ் போடும் பசை, வெயில் தாங்கும் தெளிவான பூச்சு ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கினேன். வண்டியின் பெயின்ட் கெடாமல் இருக்க ஒட்டும் காகித நாடா. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

அண்ணன் சனிக்கிழமையே பொம்மிடிக்குப் போயிருந்தார். அங்கேதான் மகளைக் கொடுத்திருக்கிறார்கள். மருமகன் வீட்டில் போர்வெல் போடுகிறார்களாம். மாடுகள் இருந்ததால் அண்ணி போகவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

பால் போன்ற தண்ணீர்

சொரசொரப்பான தாளில் தொடங்கவேண்டும். ஒரே திசையில், கிடையாக. அழுத்தக்கூடாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மஞ்சளாக வரும் தண்ணீர் மெல்ல மெல்ல வெளுத்துப் பால் போல வரும்போது அந்தத் தாளின் வேலை முடிந்தது. அடுத்த தாளில் நெடுக்காகத் தேய்க்கவேண்டும். அப்போதுதான் முந்தைய கோடுகள் போயினவா என்று தெரியும்.

முதல் தாள் முடிந்ததும் துடைத்துப் பார்த்தேன். முன்பாவது மஞ்சளாகவேனும் உள்ளே பல்பு தெரிந்தது. இப்போது எதுவும் தெரியவில்லை. குளியலறைச் சன்னல் கண்ணாடி மாதிரி முழுக்க வெள்ளை. இது இப்படித்தான் ஆகும், இதைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று படித்திருந்தேன். படித்திருப்பது வேறு, கையால் ஒன்றைக் குருடாக்கிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது வேறு.

அந்த வெள்ளையில் அங்கங்கே இன்னும் கொஞ்சம் வட்டக் கீறல்கள் ஒளிந்திருந்தன. சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அண்ணியின் கை. வலது விளக்கில் பெரிய வட்டங்கள், இடது விளக்கில் சின்னவை. அந்தப் பக்கம் வரும்போது கை ஓய்ந்திருக்கவேண்டும். இரண்டாவது தாளை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் தேய்க்காமல் வைத்திருந்தேன். பிறகு தேய்த்தேன். வேறு வழியில்லை.

மூன்றாவது தாள் முடிந்ததும் துணியில் பசை தொட்டு வட்டமாக மினுக்கியபோது, பனிக்காலத்துச் சன்னலில் யாரோ உள்ளிருந்து துடைத்தது போல ஒரு வட்டம் திறந்தது. அதன் வழியாகப் பல்பு தெரிந்தது. பல்பின் உள்ளே அந்த மெல்லிய கம்பி தெரிந்தது.

ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை சுத்தமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தண்ணீர் ஊற்றினால் திவலை திவலையாக நிற்கக்கூடாது. ஒரே படலமாக இறங்கவேண்டும். பசையைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு அதே சோதனை செய்தேன். ஒரே படலமாக இறங்கியது.

காற்று

கடைசி வேலை பூச்சு. அதுதான் முக்கியம், அது இல்லாவிட்டால் ஒரே கோடையில் பழைய கதை. மெல்லியதாக அடிக்கவேண்டும், காயவேண்டும், மறுபடி அடிக்கவேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒரு தூசி விழுந்தாலும் அது உள்ளேயே நின்றுவிடும்.

டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். அண்ணி முறத்தைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். ராகி உமி தடத்தின் குறுக்கே என் வாசலை நோக்கித்தான் பறந்து வந்துகொண்டிருந்தது. நல்ல காற்று. தூற்றுவதற்கு அதைவிட நல்ல காற்று அந்த வாரத்தில் வரவில்லை.

நாயிடம் பேச எனக்கு வராது. பழகவேயில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

அண்ணி ஒரு முறை பார்த்தார். முறத்தை இறக்கினார்.

"இன்னிக்குக் காத்தே இல்லடா மணி. நாளைக்குத் தூத்திக்கலாம்."

அவருடைய முந்தானை காற்றில் பறந்து முகத்தில் விழுந்தது. அதை இழுத்துச் செருகிக்கொண்டு, ராகிக் குவியலின் மேல் சாக்கைப் போட்டு நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பொழுது இறங்கியதும் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுச் சுவர் முழுக்க வெள்ளையாக எழுந்து நின்றது. சுண்ணாம்பு உதிர்ந்த இடம், பல்லி, நாள்காட்டி மாட்டியிருந்த பழைய ஆணி, எல்லாம் தெரிந்தன. கைப்பேசியில் படம் எடுத்தேன். யாருக்கு அனுப்புவது என்று பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர்காரர். வங்கி. கல்லூரிக் குழு. தண்ணி லாரி. படத்தை நானே இன்னொரு முறை பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

திங்கட்கிழமை

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அண்ணன் ஊர் திரும்பியிருக்கவில்லை.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து கிளம்பும்போதே இருட்டிவிட்டது. சாலை எனக்குப் புதிதாக இருந்தது. ஓரத்துக் கற்களில் பூசிய வெள்ளை, வேப்பமரங்களின் பட்டை, சுவர் விளம்பரங்களின் எழுத்துக்கள் எல்லாம் தூரத்திலேயே தெரிந்தன. ஒரு புல்லுக்கட்டுச் சைக்கிள் முன்னால் போனது. அன்றைக்கு உரசிய அதே ஆளா என்று தெரியாது. வெகு தூரத்திலேயே அவரைப் பார்த்து, வேகம் குறைத்து, ஒதுங்கிக் கடந்தேன். சின்னப் பையன் மாதிரி சந்தோஷமாக இருந்தது.

இண்டூர் தாண்டி ஏரிக்கரை வரும். கரை மேல் சாலை நேராகப் போகும். கரை முடிகிற இடத்தில் ஒரு புளியமரம். அங்கே திரும்பி மாந்தோப்பைச் சுற்றினால் எங்கள் தடம். கரை மேல் வரும் வண்டி எங்கள் வீடுகளிலிருந்து நன்றாகத் தெரியும். தோப்புக்குள் நுழைந்ததும் மறைந்துவிடும். கரையிலிருந்து எங்கள் வாசல் தெரியுமே தவிர, அந்தப் பழைய விளக்கை வைத்துக்கொண்டு எதிரே உள்ள குழியைப் பார்க்கவே எனக்குச் சரியாக இருக்கும். தலை நிமிர்த்தி வாசலைப் பார்த்ததில்லை.

அன்று தோப்பைத் தாண்டித் தடத்தில் திரும்பியவன் பிரேக்கை மிதித்தேன்.

தடம் நிறைய வைக்கோல். ஒரு பக்கம் தார்ப்பாயில் அவரைப் பயறு. நடுவில் முளையடித்துக் கன்றுக்குட்டி. கயிற்றுக் கட்டில். எல்லாவற்றுக்கும் நடுவில் என் அண்ணன், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு.

என் வெளிச்சத்தில் அவரை முழுதாகப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஓரக்கண்ணால் பார்த்ததுதான். மார்பு முடி நரைத்துவிட்டிருந்தது. அப்பாவின் தோள்கள். கண் கூசி முகத்தைச் சுருக்கியிருந்தார்.

"யாருங்க?"

நான் பதில் சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. அவர் தன் குரலும் பிறருக்குக் கேட்காது என்கிற மாதிரி உரக்கப் பேசினார்.

"இது ரோடு இல்லீங்க, வூட்டுத் தடம். புளியமரத்துல நேரா போயிருக்கணும். தப்பா திரும்பிட்டீங்க."

நான் விளக்கைத் தாழ்த்தினேன். அது மரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரல் இறங்கியது.

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் பின்னால எடுத்துக்கங்க. எந்தம்பி வர்ற நேரமுங்க. கரையில அவன் வெளக்கு இன்னும் தெரியல, அவன் வர்றதுக்குள்ள நான் இதெல்லாம் ஒழிக்கணும்." கன்றுக்குட்டியைக் காட்டினார். "அவன் வண்டியில வெளக்கு மங்கலு. முன்னால என்ன இருக்குதுன்னு பாவம் அவனுக்குத் தெரியாது."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து இறங்கியிருக்கலாம். ஒரு சொல் போதும். இத்தனை வருஷம் காது கொடுத்துக் காத்திருந்த சொல் அந்தப் பக்கமிருந்து வந்துவிட்டது. ஆனால் அது எனக்குச் சொன்னதல்ல. வழி தப்பி வந்த யாரோ ஒருவரிடம் சொன்னது. நான்தான் என்று இறங்கினால், அவர் அதை என் எதிரில் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டி வரும். அவரை எனக்குத் தெரியும்.

பின்னால் எடுத்தேன்.

"நல்லதுங்க," என்றார். "பாத்துப் போங்க."

புளியமரம்

புளியமரத்தடிக்குப் போய் வண்டியைத் திருப்பி, விளக்கையும் இன்ஜினையும் அணைத்தேன். இருட்டில் கண் பழகியதும் எங்கள் வாசல் தெரிந்தது.

ஒரு டார்ச் நடந்துகொண்டிருந்தது. வைக்கோலைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினார். கட்டிலைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார். தார்ப்பாயின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்துப் பயறைச் சிந்தாமல் இழுத்தார். தனியாளாக இழுப்பது கஷ்டம். நின்று நின்று இழுத்தார். பிறகு கன்றுக்குட்டி. முளையைப் பிடுங்கினார். அது வர மறுத்தது போலிருக்கிறது. டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் ஆடியது.

எல்லாம் முடிந்ததும் அவர் தடத்தின் முனைக்கு வந்து நின்றார். ஏரிக்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் வழக்கமான நேரத்துக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. டார்ச்சை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டார். மறுபடி அணைத்தார்.

இன்ஜினைப் போட்டேன். பெரிய விளக்கைத் தொடாமல், வண்டியை நிறுத்தும்போது போடுகிற சின்ன விளக்கை மட்டும் போட்டேன். பழைய பல்பு, மஞ்சளாக எரியும். முகப்பு விளக்கு அத்தனை வருஷம் கொடுத்த வெளிச்சம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கரை முனையில் அந்த மஞ்சள் வெளிச்சம் அசைந்ததும் டார்ச் சட்டென்று திரும்பியது. வேகமாக உள்ளே போய் மறைந்தது.

தோப்பைச் சுற்றித் தடத்துக்கு வந்தேன். காலியாக இருந்தது. வழக்கம் போல. அண்ணன் தன் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பல் குத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி நாய்க்குச் சோறு வைத்தார். குரலைத் தாழ்த்தியிருந்தார், உள்ளே அண்ணனுக்குக் கேட்காத, என் வாசலுக்கு மட்டும் வருகிற அளவுக்கு.

"நேத்து யாரோ வழி தெரியாம நம்ம தடத்துக்குள்ள வந்துட்டாங்களாம் மணி. வெளக்கு பளிச்சுன்னு இருந்துச்சாம். உங்க ஐயா சொன்னாரு. யாரா இருக்கும்னு கேட்டாரு. எனக்கென்னா தெரியும்னுட்டேன்."

மணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் துணியை மடித்தேன்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. பகலில் அண்ணன் என் வண்டிப் பக்கம் முகம் திருப்புவதில்லை. ஆனாலும் ஒருநாள் பார்த்திருப்பார், தெரிந்திருக்கும் என்று சில சமயம் தோன்றுகிறது. தெரிந்தும் தடத்தை ஒழிக்கிறாரோ என்றும் தோன்றுகிறது. எனக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. இந்தக் கோடையில் மஞ்சள் ஏறவில்லை. தர்மபுரியிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் சாலை பகல் மாதிரித் தெரிகிறது. புளியமரத்தடியில் நிறுத்திப் பெரிய விளக்கை அணைக்கிறேன். சின்ன விளக்கைப் போடுகிறேன். உடனே கிளம்புவதில்லை. கன்றுக்குட்டி இப்போது வளர்ந்துவிட்டது. அவிழ்த்துப் பிடிக்க அவருக்கு நேரம் வேண்டியிருக்கிறது.